வெயில் பட்டால் நீலம்

ஓர் அலுவலகத்துக்கு வரும் கடிதத்துக்கு உரிய காலத்துக்குள் இறுதிப் பதில் அனுப்ப முடியாவிட்டால், இடைக்காலப் பதிலாவது அனுப்பப்பட வேண்டும். ‘உங்கள் கடிதம் கிடைத்தது, கவனத்தில் உள்ளது’ என்ற அளவுக்கு இரண்டு வரி போதும். பிரதேச செயலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் சொல்லித்தரப்பட்ட விதி இது. ஓய்வுபெறும் வரை அந்த இரண்டு வரியை எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்று எனக்கே தெரியாது. அவர்களில் பலருக்கு மூன்றாவது வரி போகவேயில்லை என்பது வேறு விஷயம். இரண்டு வரி போனது. விதி நிறைவேறியது.

நான் இங்கே யாரைப் பற்றி எழுதப்போகிறேனோ அந்த அம்மாவுக்கு அந்த இரண்டு வரிகூட வரவில்லை.

பெயர் வேண்டாம். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருக்கும் அந்த வீட்டு வரிசையில், யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதும் இல்லை. முதலில் ‘குவைத் அக்கா’ என்றார்கள். பிறகு ‘மயில் அக்கா’ என்றார்கள். கடைசியில் எப்படியும் கூப்பிடாமல் இருந்தார்கள்.

என் வீடு டிக்கோயாவிலிருந்து மேலே ஏறும் பாதையில், தோட்டத்து எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கம், கொஞ்சம் தாழ்வில், அவருடைய லயம். லயத்தின் தலைப்பில், தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்தில், ஒரு வேன் நிற்கும் அளவுக்குச் சமதரை. ஞாயிற்றுக்கிழமை காலை சன்னலைத் திறந்தால், குவைத்தில் உழைத்துவிட்டு வந்து அவர் வாடகைக்கு ஓட்டிய வேனும், அதைக் கழுவிக்கொண்டிருக்கும் அவரும் கண்ணில் படுவார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். காற்சட்டையை முழங்கால் வரை மடித்து, மேலே ஒரு பழைய ஆண் சட்டை போட்டு, தலையில் துவாய் கட்டியிருப்பார். ஓய்வுபெற்றவனுக்கு எல்லா நாளும் ஒன்றுதான். அவர் வாளியோடு வந்து நின்றால்தான் இன்று ஞாயிறு என்று எனக்கு உறைக்கும்.

வெள்ளை வண்டியைக் கழுவுவது வேறு, கறுத்த வண்டியைக் கழுவுவது வேறு. அதை அவரிடம்தான் கேட்டேன்.

“வெள்ள வண்டி அழுக்கத்தாங்க ஐயா காட்டும். கறுத்த வண்டி தொடச்ச கையையும் காட்டிக்குடுக்கும்.”

கணக்காய்வாளர்களைப் பற்றி நான் முப்பது வருடம் சொல்ல நினைத்து வார்த்தை கிடைக்காமல் போனது இதுதான்.

இரண்டு வாளி வைத்திருப்பார். ஒன்றில் நுரை, மற்றதில் துணி அலச வெறும் தண்ணீர். கூரையிலிருந்து தொடங்கிக் கீழே வருவார். வட்டமாகத் தேய்த்தால் சிலந்தி வலை மாதிரி கோடு விழுமாம். அதனால் நேராக, ஒரே பக்கமாக இழுப்பார். ஈரம் துடைத்த பிறகு ஒரு தட்டையான டின்னைத் திறந்து, மெழுகை விரலில் தொட்டுத் துணியில் தடவி, ஒரு கதவு அளவுக்கு மட்டும் பூசுவார். பூசிய இடம் பால் மேல் ஆடை படிந்ததுபோல் மங்கும். அது காய வேண்டும். காய்வதற்கு வெயில் வேண்டும். எங்கள் பக்கத்தில் வெயில் என்பது அரச உதவிபோல. வரும் என்பார்கள், பதிவு செய்துகொண்டு காத்திருக்க வேண்டும். டின்னைக் கையில் பிடித்தபடி எதிர்மலையைப் பார்த்து அவர் நிற்கும் தோற்றம்தான் இப்போதும் எனக்கு நினைவில் முதலில் வருகிறது. மப்பு விலகி, வெயில் பீலிப்பக்கம் இறங்கியதும் துணியை எடுத்து ஆடையைத் துடைத்துவிடுவார். அப்போதுதான் அது நடக்கும். கறுப்பின் அடியிலிருந்து ஒரு நீலம் எழுந்து வரும்.

வண்டியின் பதிவுப் புத்தகத்தில் நிறம் ‘கருநீலம்’ என்றுதான் இருந்தது. நானே பார்த்திருக்கிறேன். ஆனால் புத்தகத்தைப் பார்த்து யாரும் வண்டியில் ஏறுவதில்லை. மெழுகும் வெயிலும் சேராத நேரத்தில் அந்த வேன் கறுப்பு. கறுத்த வண்டி என்றால் எங்கள் பக்கத்தில் செத்த வீட்டுக்கு வரும் வண்டி. அதில் பிள்ளைத்தாச்சியை ஏற்ற மாட்டார்கள், பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்ற மாட்டார்கள், மொட்டை போடக் குழந்தையைக் கொண்டுபோக மாட்டார்கள். இது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. எழுதிய விதி என்றால் விலக்களிக்க ஓர் அதிகாரி இருப்பார். எழுதாத விதிக்கு எங்கே மேன்முறையீடு செய்வது?

ஆக, அந்த அம்மா வாரா வாரம் செய்தது வண்டி கழுவுவது அல்ல. அது நீலம் என்று நிரூபிப்பது.

“அப்போ ஏம்மா இந்த நிறத்தில் வாங்கினீங்க? வெள்ளை கிடைக்கவில்லையா?” என்று ஒருமுறை கேட்டேன்.

அவர் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “அங்க வீட்டுல எட்டு வண்டிங்க ஐயா. சமையல் முடிச்சிட்டு அதுகளையும் நாந்தான் கழுவணும். எல்லாம் வெள்ளை. ஒண்ணு மட்டும் இந்த நீலம். அந்த ஒண்ண மட்டும் என்னுதுன்னு மனசுல வச்சிக்கிட்டுக் கழுவுவேன். மத்த ஏழும் அவங்களது.” பிறகு சிரித்தார். “அங்க எல்லாரும் காரத்தான் பாப்பாங்க. கழுவுனவளைப் பாக்க மாட்டாங்க. அதுவும் ஒரு நிம்மதிதான்னு வைங்களேன்.”

குவைத்திலிருந்து அவர் கொண்டுவந்த வித்தை அது. அங்கே வெயிலுக்கு முன் கழுவி முடிக்க வேண்டுமாம். இங்கே வெயிலுக்காகக் காத்திருந்து முடிக்க வேண்டும். அங்கே தூசி, இங்கே தண்ணீர். மெழுகு டின் தீர்ந்தால் அங்கேயே இருந்த ஒரு சிநேகிதி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவாள். கணவரைப் பற்றி அவர் பேசியதில்லை. லயத்தில் மற்றவர்கள் பேசினார்கள், அது போதுமானதாக இருந்தது.

நாட்டில் டீசல் இல்லாமல் போன வருடம், டிக்கோயாவில் வரிசை வளைந்து வளைந்து பாலம் வரைக்கும் நின்றது. வண்டிக்காரர்கள் வண்டிக்குள்ளேயே தூங்கினார்கள், சண்டை பிடித்தார்கள், அரசாங்கத்தைத் திட்டினார்கள். அவர் தன் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற லொறிக்காரர், பசாரில் எல்லாரும் ‘நானா’ என்று கூப்பிடும் அரிசிக் கடைக்காரர், பொறுக்க முடியாமல் இறங்கி வந்தார்.

“தங்கச்சி, நாளைக்காவது டீசல் வருமான்னு தெரியாது. நீங்க எதுக்கு இதைப் போட்டுத் தேய்க்கிறீங்க?”

“டீசல் இல்லாட்டியும் வண்டி வண்டிதானே நானா. குளிக்காம இருக்கலாமா?”

“குளிச்சாப் பசி எடுக்கும் தங்கச்சி. எங்க லொறி பட்டினியில கெடக்கு. அதனாலதான் நாங்க குளிப்பாட்டுறதில்ல.”

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் மண்ணெண்ணெய்க் கலனோடு பக்கத்து வரிசையில் நின்றேன். அந்த மாதத்தில் நான் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

‘மயில்’ என்ற பெயர் வந்தது எங்கள் வீட்டுக்கு எதிரே, ரோட்டில். லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பகலில் இடுப்புவலி எடுத்துவிட்டது. தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. வேன் மட்டும் நின்றது. மாமியார், கொழுந்தெடுத்து ஓய்ந்த ஒரு பெரியம்மா, வேன் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

“சாவு வண்டியில எம் மருமகளை ஏத்த மாட்டேன். பஸ்ஸு வரட்டும்.”

“பஸ்ஸு வர்றதுக்குள்ள புள்ள வந்துரும் பெரியம்மா. இங்க வாங்க. குனிஞ்சு பாருங்க, என்னா நெறம்?”

“கறுப்பு.”

அவர் தோளில் கிடந்த துணியால் முன்பக்கத்தை ஓர் இழுப்பு இழுத்தார். நல்ல வெயில். “இப்பப் பாருங்க.”

பெரியம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துக் குனிந்தார். “நீலமாட்டம் தெரியுது.”

“மயில் கழுத்து நீலம். முருகன் ஏறுற வண்டி. ஒங்க மருமக ஏறக் கூடாதா?”

“மயிலு இம்புட்டுக் கறுப்பாவாடி இருக்கும்?”

“மழைல நனைஞ்ச மயிலு பெரியம்மா. ஏறுங்க சட்டுனு!”

மருமகள் அதற்குள் தானே ஏறிப் படுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. சுகப்பிரசவம். அன்றிலிருந்து அது மயில் வண்டி. பெரியம்மா அதன் உத்தியோகபூர்வப் பேச்சாளர் ஆனார். கோயிலுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் முன் இருக்கை அவருக்கு. “இதக் கறுப்புன்னு எவளாச்சும் சொன்னா வாயிலயே போடுவேன்” என்று பீலிக்கரையில் வைத்து அறிவித்தார். சவர்க்காரத் தண்ணீர் குடத்துக்குள் தெறிக்கிறது என்று முனகிக்கொண்டிருந்த பெண்கள்கூட அதற்குப் பிறகு குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். கலியாணச் சவாரி வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். அவர் மெழுகு பூசும்போது பாட்டு முணுமுணுக்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

ஆனால் மழைக்கு இதெல்லாம் தெரியாது. வைகாசியில் பிடித்தால் ஆவணி வரை எங்கள் பக்கம் விடாது. நனைந்த தகரத்தில் மெழுகு ஒட்டாது. ஒட்டியதுகூட அடுத்த ஞாயிற்றுக்குள் போய்விடும். கூரை இல்லாமல் நீலம் நிற்காது என்று கண்டுகொண்டு, நான்கு இரும்புக் குழாய் நட்டு, மேலே ஒரு தறப்பாள் கட்டினார். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் தோட்டத்துக் காவல்காரர் வந்தார். அவரும் அதே லயத்து ஆள்தான். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

“தொரை பார்த்துட்டாருக்கா. கழட்டச் சொல்றாரு.”

“மழைக்குப் படங்கு போட்டா குத்தமா?”

“படங்கு குத்தமில்ல. கம்பிய நட்டதுதான் குத்தமாம். தோட்டத்துக் காணியாம்.”

அந்த அம்மா தானே கழற்றினார். குழாய்களை அடுக்கி வைத்துவிட்டு நேரே படியேறி என் வீட்டுக்கு வந்தார்.

“ஐயா, ஒரு கூரை போட யாருகிட்ட கேக்கணும்?”

நான் மகிழ்ச்சியடைந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் யாரும் இப்படி ஒழுங்கான கேள்வி கேட்டதில்லை. உட்காரச் சொல்லி விளக்கினேன். லயம் தோட்டத்தினுடையது. தோட்டம் கொம்பனியினுடையது. காணியோ அரசாங்கத்தினுடையது, கொம்பனிக்குக் குத்தகை. ஆகவே முதலில் தோட்டத்தை நடத்தும் தொரைக்கு, பிரதி கொம்பனிக்கு, அவர்கள் கைகாட்டும் பட்சத்தில் காணிக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு.

“அந்தக் கோடியில மாட்டுக் கொட்டகை நிக்குதே ஐயா? அதுக்கு யாரு குடுத்தா?”

“மாட்டுக் கொட்டகை வழக்கத்தில் இருக்கிறது. வேன் கொட்டகை வழக்கத்தில் இல்லை.”

“அப்ப மாடுன்னே எழுதிப் போடுங்க. இதுக்கும் நாலு காலுதான்.”

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தில் உண்மைக்குப் புறம்பான விபரம் தண்டனைக்குரியது. ‘கருநீல நிற வேன்’ என்று எழுதி, நிறத்தின் கீழ் கோடும் போட்டேன். அது அவருடைய வேண்டுகோள்.

என் வளவுக்குள் நிறுத்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்கு ரோட்டிலிருந்து கற்படிதான். சைக்கிள்கூடத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

“பதில் வருமாங்க ஐயா?”

“வரும். வந்தே ஆக வேண்டும். விதி இருக்கிறது.”

அவர் அதை நம்பினார். மலைநாட்டில் ஆயிரம் பேர் ஆயிரம் கொட்டகையை யாரையும் கேட்காமல் போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். இவர் கேட்டுவிட்டார். கேட்டவருக்குக் காத்திருக்கும் கடமை வந்துவிடுகிறது. தொரை அது தன் அதிகாரத்தில் இல்லை என்று வாயால் சொன்னார். கொம்பனி ஒன்றும் சொல்லவில்லை. காணி அலுவலகத்தில், அது கொம்பனி சொல்ல வேண்டியது என்று தொலைபேசியில் சொன்னார்கள். நான் நினைவூட்டல் அனுப்பினேன், பதிவுத் தபாலில். பிறகு நினைவூட்டலுக்கு நினைவூட்டல். தோட்டத்துக்குத் தபால் வரும் நாட்களில் அவர் வேனை என் படிக்கட்டின் கீழே நிறுத்தி, இறங்காமலே மேலே பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். ஒரு மழைக்காலம் இப்படிப் போனது. அடுத்த மழைக்காலமும் வந்தது.

அந்த மழையில் ஒருநாள் காலை, வேனை நிறுத்திவிட்டுப் படியேறி வந்திருந்தார். என் மனைவி பிளேன்டீ கொடுத்தாள். வேன் கீழே மப்பில் நின்றது. பல வாரமாக மெழுகு காணாமல் கரிக்கட்டைபோல் இருந்தது.

“வெயில் வந்தா ஒரே நாள்ல கொண்டாந்துருவேன் ஐயா,” என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

அப்போதுதான் பெரியம்மாவின் மகன் நனைந்துகொண்டு வந்து நின்றான். முந்திய வாரம் பெரியம்மாவுக்கு இழுப்பு அதிகமாகி, இவர்தான் வேனில் கொண்டுபோய் டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். அவன் என்னைப் பார்த்தே பேசினான்.

“அம்மா போயிட்டாங்கய்யா. விடியக்காலம் சொல்லியனுப்பிட்டாங்க.” கொஞ்சம் பொறுத்து, “தோட்டத்து லொறி கராஜ்ல கெடக்கு. மலர்ச்சாலைக்காரங்க சாவு வண்டிக்குப் போன் பண்ணுனேன். ஹட்டன் ரோட்டுல மண்ணு சரிஞ்சிருக்காம், நாளைக்குத்தான் வண்டி வருமாம். யாருகிட்ட என்னா கேக்கணும்னு...” என்றான்.

நான் நடைமுறையைச் சொல்லத் தொடங்கினேன். ஆஸ்பத்திரியில் உடலை விடுவிக்கும் பத்திரம், அடையாளம் காட்டக் குடும்பத்தில் ஒருவர், உடலை ஏற்றுவதற்கென உள்ள வாகனம், பயணிகள் வாகனமாக இருந்தால்...

“அது இருக்கட்டுங்க ஐயா,” என்று அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு அவனிடம், “நீ ஏந்தம்பி எம் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குற?”

“வேணாங்க்கா. நாளைக்கே வரட்டும்.”

“நாளைக்கு வரைக்கும் பெரியம்மா அங்க ஆளில்லாமக் கெடக்கணுமா?”

“அதுக்கப்புறம் ஒங்க வண்டில ஆளுங்க ஏற மாட்டாங்கக்கா.”

“பெரியம்மா ஏறுவாங்கள்ல?”

அவன் வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். அவர் அவன் தலையில் கை வைக்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. துவாயை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டே, தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்: “நாந்தானே கூட்டிக்கிட்டுப் போயி விட்டேன். கொண்டுபோனவதான் கொண்டாரணும்.”

பின் இருக்கைகளைக் கழற்றி எங்கள் படிக்கட்டில் அடுக்கினார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. புறப்படுவதற்கு முன் அவர் சட்டைக் கையால் பக்கக் கதவைத் துடைத்தார். துடைத்த இடம் உடனே நனைந்தது. மறுபடியும் துடைத்தார். பிறகு ஏறிப் போனார்.

மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தார்கள். லயமே ரோட்டுக்கு வந்து, தலையில் படங்கும் சாக்குமாக நின்றது. வேன் வளைவில் மெதுவாகத் திரும்பி வந்ததை நானும் பார்த்தேன். முன் இருக்கையில் மகன். அன்றைக்கு வெயில் இல்லை. ஈரத்தில் அந்த வண்டி பளபளத்தது, ஆனால் நீலம் இல்லை. பெரியம்மாவின் மருமகள் ஓடிவந்து கதவில் விழுந்து அழுதாள்.

மழை விட ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. விட்டதும், மஞ்சள் கரைத்த தண்ணீரில் வேப்பிலை போட்டு வேனை உள்ளும் புறமும் கழுவினார். இருக்கை உறைகளைப் பீலியில் துவைத்துக் காயப்போட்டார். கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை வைத்தார். அடுத்த நாள் நல்ல வெயில். மெழுகு பூசித் துடைத்தார். அவ்வளவு நீலத்தை அந்த வண்டியில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சன்னலிலிருந்தே தெரிந்தது.

யாரும் அவரை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார், வாய் உண்டு. எல்லாரும் அன்பாக இருந்தார்கள். “வேற வண்டி சொல்லிட்டோங்க்கா, ஒங்களுக்கு எதுக்குச் செரமம்.” “புள்ளைங்க நடந்தே போறேங்குதுங்க.” கலியாண வீட்டில் பலகாரம் கொடுத்தனுப்பினார்கள், சவாரியைக் கொடுக்கவில்லை. பெரியம்மாவின் மருமகளுக்கு மறுபடி பிள்ளை உண்டாகியிருந்தது. மாதப் பரிசோதனைக்கு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேனைக் கடந்து பஸ்ஸுக்கு நடந்தாள். இவர் வேன் பக்கத்தில்தான் நின்றார்.

“ஏறு புள்ள. அந்தப் பக்கந்தான் போறேன்.”

“அத்தைய வச்சுக் கொண்டாந்த எடங்க்கா. ஏறுனா அழுகை வந்துரும்.” அவள் உண்மையைத்தான் சொன்னாள்.

அன்று மாலை அவர் என் படியில் வந்து உட்கார்ந்தார். கடிதத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

“மெழுகு போட்டா நெறம் வந்துருதுங்க ஐயா. ஆளுதான் வர மாட்டேங்குது.”

ஒரு வகை அழைப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கிழவர், ரோட்டில் அடிபட்ட ஒரு தொழிலாளி, பிறகு யாரோ. “அக்கா, கொஞ்சம் வர்றீங்களா? ஒங்கள விட்டா யாரு இருக்கா.” எல்லாவற்றுக்கும் போனார். ஒவ்வொரு முறையும் போவதற்கு முன் வேனைக் கழுவித் துடைத்து, வெயில் இருந்தால் மெழுகும் பூசினார். டின்னின் அடியை விரல் நகத்தால் சுரண்டுவதை என் மனைவி பார்த்துவிட்டாள்.

“இதுக்கு எதுக்கு புள்ள மெழுகு? அவங்களா பாக்கப் போறாங்க?”

“பெரியம்மாவ ஒண்ணும் போடாமக் கூட்டியாந்துட்டேங்க அம்மா. மயிலு மயிலுன்னு ஊரெல்லாம் சொன்ன மனுஷி. இவங்களாச்சும் நீலத்துல போகட்டும்.”

என் மனைவி உள்ளே வந்து அடுப்பை மூட்டினாள். சாப்பாடு போடும்போது சொன்னாள்: “நாலு தகரத்தை வாங்கிக் குடுத்து, ‘போட்டுக்க புள்ள, எவனாச்சும் வந்தா எங்கிட்ட அனுப்பு’ன்னு சொல்லியிருந்தா அந்த மழையிலயும் வண்டி நீலமா இருந்திருக்கும். ஊரு பார்த்திருக்கும். நீங்க கடிதம் எழுதுனீங்க.”

அதற்கு என்னிடம் இடைக்காலப் பதில்கூட இல்லை. கூரை இருந்திருந்தாலும் ஊர் ஏறியிருக்காது என்று எனக்குத் தோன்றியது. உறுதியாகத் தெரியவில்லை. ஆகவே சொல்லவில்லை.

மறு வருட மழை பிடிப்பதற்கு முன்பே வேனை விற்றுவிட்டார். வாங்கியவர் ஹட்டனில் மலர்ச்சாலை வைத்திருப்பவர். அவரைத் தவிர வேறு யாரும் கேட்டு வரவில்லை. கொடுக்கும் நாள் ஞாயிறு இல்லை, ஆனாலும் காலையிலேயே இரண்டு வாளியும் வந்துவிட்டன. கூரையிலிருந்து தொடங்கினார். நேராக, ஒரே பக்கமாக. டின்னில் மிச்சமிருந்த அத்தனையையும் பூசினார். வெயிலுக்காக எதிர்மலையைப் பார்த்து நின்றார். வந்தது. துடைத்தார். நான் கீழே இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன். எனக்கு அங்கே வேலை ஒன்றுமில்லை, உடைமை மாற்றப் பத்திரத்தில் கையெழுத்துச் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பதைத் தவிர.

மலர்ச்சாலைக்காரர் நல்ல மனிதர். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “என்னத்துக்கு அக்கா இம்புட்டுக் கஷ்டப்பட்டீங்க? நாங்க எப்படியும் முழுக் கறுப்பு அடிச்சிருவோமே,” என்றார்.

அவர் துணியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்தார். “அடிங்க. அதுக்கு முந்தி ஒருக்காப் பாத்துக்குங்க,” என்றார்.

நிறத்தை மாற்றினால் பதிவிலும் மாற்றம் கோர வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கு மறுவாரமே அனுமதி வந்துவிட்டதாகக் கேள்வி.

குவைத்துக்குத் திரும்பிப் போகும் முன் என் மனைவியிடம் சொல்லிக்கொள்ள வந்தார். பழைய வீட்டுக்காரர்களே கூப்பிட்டிருந்தார்கள். இப்போது அங்கே பத்து வண்டியாம். வெறும் மெழுகு டின்னை ஊசி நூல் போட்டு வைக்க என் மனைவிக்குக் கொடுத்தார். துணியை எடுத்துக்கொண்டு போனார்.

“அந்த நீலக் கார் இன்னும் இருக்குதா புள்ள?” என்று என் மனைவி கேட்டாள்.

“அது எப்பவோ வித்துட்டாங்க அம்மா. இப்ப எல்லாமே வெள்ளைதானாம்.” சிரித்தார். “வேலை லேசு.”

படியிறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். வழக்கத்தில் நான் தலையை ஆட்ட, அவர் கையைக் காட்டுவார். அன்றைக்கு நான் ஆட்டுவதற்கு முன்பே கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

பதில் அதற்குப் பிறகு வந்தது. கொம்பனியின் கடிதத் தலைப்பில், இரண்டு கையெழுத்தோடு, ஒழுங்கான தமிழில். மேற்படி லயத்துக்கு அருகில், ‘கறுப்பு நிற வேன்’ ஒன்றை நிறுத்தும் பொருட்டு, நிரந்தரமற்ற கூரையொன்றை அமைப்பதில் தமக்கு ஆட்சேபனை இல்லை என்றிருந்தது. தாமதத்துக்கு வருந்துவதாகவும் இருந்தது. தோட்டத்துத் தபால்காரர் அதை என் படிக்கட்டுக்கே கொண்டுவந்து தந்தார். கீழே தொழிற்சாலை முற்றத்தில் லொறிகளையும் டிராக்டரையும் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி நிறுத்தியிருந்தார்கள். மணிச்சத்தம் கேட்டது. பீலிக்குப் பக்கத்துச் சமதரையில் யாரோ பயிற்றங்கொடிக்குக் கம்பு நட்டிருந்தார்கள், யாரையும் கேட்காமல். வரும் கடிதத்தில் கிடைத்த நாளைக் குறித்து வைக்க வேண்டும் என்பதும் விதிதான். பேனாவை எடுத்து மேல் மூலையில் குறித்தேன்: சரஸ்வதி பூசை, வியாழக்கிழமை.